வந்தனவும் வாராதனவும்

சென்ற ஆண்டு இம்மலரின் தமிழ்ப்பகுதியில், “பசுமைப் பெட்டியின் வெற்றி” என்னுந் தலைப்பில் யாம் ஒரு சிறு கட்டுரை வரைந்திருந்தோம். நங்கல்லூரிச் சூழல் மன்றத்தார் ஓராண்டிற் சேர்த்த மின்னணுக்கழிவு 186 கிலோ என்பதும், அஃது அனைத்தும் முறையாக மறுசுழற்சி செய்யப்பெற்றது என்பதும் அதன்கண் யாம் கூறிய செய்திகள். நடை நன்றாயிருந்ததென நண்பர் சிலர் பாராட்டினர். கல்லூரி நாள் விழாவில் முதல்வர் அவர்கள் அவ்வெண்ணை மேடையிற் குறிப்பிட்டபொழுது கைதட்டொலி எழுந்தது. அவ்விரு செய்திகளுள் முதலாவது பாதி உண்மை, இரண்டாவது பொய். அறிந்து கூறிய பொய்யன்றாயினும், ஆராயாது கூறியதாதலின் குற்றம் எம்மதே. எழுதியவர் யாமாகவே, திருத்துங் கடனும் எம்முடையதாயிற்று. அக்கடனைத் தீர்க்கவே இக்கட்டுரை எழுந்தது.

பெட்டியின் வரலாற்றைக் கூறுமுன், அதற்குப் பின்னின்ற கொள்கையைச் சுருங்கக் கூறுவாம். ஒரு பொருளைச் செய்து விற்பவர் விற்றவுடன் கைகழுவிவிட, அது பழுதுற்றுக் குப்பையானபின் அதனை அகற்றுஞ் செலவு ஊராரின் வரிப்பணத்தின்மேல் விழுவதே நெடுநாள் வழக்கு. சுவீடன் நாட்டு லுண்டு பல்கலைக்கழகத்தைச் சார்ந்த தாமஸ் லிண்ட்குவிஸ்ட் என்பார், 1990-ஆம் ஆண்டு, இவ்வழக்கை மாற்றத்தக்க கொள்கை ஒன்றை அந்நாட்டு அரசுக்கு எடுத்துரைத்தார். செய்தவனுடைய பொறுப்பு பொருளின் இறுதிநாள்வரை நீளுதல் வேண்டும். அதனைத் திரும்பப்பெற்றுப் பிரித்து மீண்டும் பயன்படுத்துஞ் செலவை அவனே ஏற்றல் வேண்டும் என்பது அது. செலவு தன்மேல் விழுமாயின், எளிதிற் பிரிக்கத்தக்கவாறும் நஞ்சு குறைந்தவாறும் பொருளைச் செய்ய அவனுக்கே மனம் வரும் என்பது கருத்து. 1991-இல் ஜெர்மனி, பொருள்களைப் பொதியும் அட்டை, புட்டி, தகரம் முதலியவற்றிற்கு இக்கொள்கையைச் சட்டமாக்கிற்று. அங்குப் பொதிகளின்மேல் அச்சிடப்பெற்ற பச்சைப் புள்ளி உலகறிந்த குறியாயிற்று. நம் நாட்டில் மின்னணுக்கழிவு விதிகள் 2011-இல் வெளியாகி 2012 மே முதல் நடைமுறைக்கு வந்தன. 2016-இலும் 2022-இலும் அவை புதுக்கப்பெற்றன.

கொள்கை நன்று. ஆயினும் ஒரு வினா எஞ்சும். உற்பத்தியாளர் பணங்கொடுத்து நடத்தும் சேகரிப்பு, தன் வேலையைச் செய்ததா என்பதை எவ்வாறு அளப்பது? அளப்பவர் யாவர்? சென்ற ஆண்டு இவ்வினா எம் உள்ளத்தில் எழவேயில்லை. தராசு இருந்தது, நிறுத்தோம், எழுதினோம்.

தொல்காப்பிய எழுத்ததிகாரத்தில் மாத்திரையின் அளவு கூறுமிடத்து, அளவை எழுவகைப்படும் என்பதை உரைவழி அறிகின்றோம். நிறுத்தளத்தல், பெய்தளத்தல், சார்த்தியளத்தல், நீட்டியளத்தல், தெறித்தளத்தல், தேங்கமுகந்தளத்தல், எண்ணியளத்தல் என்பன அவை. சிறப்பியல் வகுப்பில் இவற்றை மனப்பாடம் செய்தபொழுது, தேர்விற்கு உதவும் என்பதற்குமேல் யாம் எண்ணியதில்லை. இவற்றுள் மூன்று, இவ்வாண்டு எம்மைத் தேடிவந்து பாடங் கற்பித்தன. அவற்றை வரன்முறையே கூறுவாம்.

நிறுத்தளத்தல்

யாம் முதலாண்டிற் சேர்ந்த ஜூன் திங்களில், மூன்று பச்சைநிறப் பெட்டிகள் நங்கல்லூரிக்கு வந்தன. அவற்றை அனுப்பியது, மின்னணுப்பொருள் செய்வோர் சிலரின் பணத்தால் நடைபெறும் ஒரு சேகரிப்பு நிறுவனம். ஒன்று நூலக வாயிலிலும், ஒன்று அறிவியற் கட்டடத்திலும், ஒன்று விடுதி உணவறைக்கு எதிரிலும் வைக்கப்பெற்றன. பழுதுற்ற கைப்பேசி, சார்ஜர், விசைப்பலகை, மின்கலம் முதலியவற்றை அவற்றுட் போடுமாறு வகுப்புதோறுஞ் சென்று கேட்டுக்கொண்டோம். ஆண்டில் இருமுறை வண்டி வந்து பொருள்களை ஏற்றிச் சென்றது. ஏற்றுமுன் நிறுத்து எடைச்சீட்டுக் கொடுத்தனர். இரு சீட்டுகளையுங் கூட்ட 186 கிலோ ஆயிற்று. சில நாளில் நிறுவனத்தின் முத்திரையோடு கூடிய சான்றிதழ் ஒன்று வந்தது; அது கண்ணாடிச் சட்டமிட்டு நூலகச் சுவரில் மாட்டப்பெற்றது.

இவ்வாண்டு மன்றத்தின் பொறுப்பை ஏற்ற புள்ளியியற் பேராசிரியை அம்மையார், முதற்கூட்டத்தன்று அச்சான்றிதழைச் சற்றுநேரம் நோக்கியிருந்து, “எத்தனையில் நூற்றெண்பத்தாறு?” என்று வினவினார். யாவரும் வாளாவிருந்தோம். அவ்வினா எமக்குச் சினத்தையும் உண்டாக்கிற்று என்பதை மறைப்பதற்கில்லை. ஓராண்டு உழைப்பை இரண்டு சொல்லாற் குறைத்துவிட்டாரே என்று எண்ணினோம். எம் பெருமையை நிலைநாட்டுதற்பொருட்டு, மன்றத்தின் மேசையறையிற் கிடந்த எடைச்சீட்டுகளையும் அவற்றோடு தைத்திருந்த பொருட்பட்டியையும் எடுத்துப் படிக்கத் தொடங்கினோம்.

படித்தபின் பெருமை தானே குறைந்தது. கணினிக்கூடத்தினின்று கழிக்கப்பட்ட பழைய கண்ணாடிக்குழாய்த் திரைகள் 9. அவற்றின் எடை 117 கிலோ. அலுவலகத்து யூ.பி.எஸ். பொறிகளின் ஈயமின்கலங்கள் 18. அவற்றின் எடை 42 கிலோ. எஞ்சியது 27 கிலோ. மாணவரும் ஆசிரியரும் தம் கையாற் கொணர்ந்து பெட்டியுட் போட்டவை அவ்வளவே; அவற்றுட் கைப்பேசிகள் 14. திரைகளும் ஈயமின்கலங்களும், பெட்டி வாராதிருப்பினும், அவ்வாண்டு ஏலத்திற் கழிக்கப்பட்டிருக்கும். பெட்டியால் விளைந்த பயன் யாதெனக் கேட்பார்க்கு யாம் 27 என்று கூறியிருத்தல் வேண்டும், கூறியதோ 186. கணக்குக் காட்டுமாறு தலைவன் பணித்தபொழுது, கடன்சீட்டுகளின் எண்களை மாற்றி எழுதுவித்த உக்கிராணக்காரனின் கதையைச் சிறுவயது முதல் ஆலயத்திற் கேட்டு வளர்ந்தவர் யாம். யாம் எண்ணை மாற்றவில்லை. எனினும், எண்ணுக்குள் இருந்ததைப் பாராதொழிந்தோம். கேட்டவர்க்கு இரண்டின் விளைவும் ஒன்றே.

எடை ஒன்றையே நோக்குவார்க்கு நேரும் இப்பிழை நாடுகளுக்கும் நேர்ந்ததெனப் பின்னர் அறிந்தோம். ஐரோப்பிய ஒன்றியத்தின் முதல் மின்னணுக்கழிவுச் சட்டம் 2003-இல் வெளியாயிற்று. ஒவ்வொரு நாடும் 2006-ஆம் ஆண்டின் இறுதிக்குள், வீடுகளிலிருந்து, ஆளொன்றுக்கு ஆண்டுதோறும் 4 கிலோ சேர்த்தல் வேண்டும் என்று அது விதித்தது. எளிய அளவு, யாவர்க்கும் விளங்குவது. ஆயின், வீடுதோறும் பொறிகள் நிறைந்த நாட்டிற்கு 4 கிலோ ஒரு பொருட்டன்று. பொறிகள் அருகிய நாட்டிற்கோ அஃது எட்டாக்கனி. அன்றியும், எடையே இலக்காயவிடத்துச் சேகரிப்போர் கனத்த பொருளையே நாடுவர். சலவைப்பொறி ஒன்றை வண்டியிலேற்றினால் நூற்றுக்கணக்கான கைப்பேசிகளின் எடை வந்துவிடும். கைப்பேசியோ சிறிது, ஆயினும், ஒரு டன் தங்கத்தாதுவிற் கிடைப்பதினும் பன்மடங்கு பொன் ஒரு டன் பழங்கைப்பேசிகளிற் கிடைக்கும். நஞ்சும் அவ்வாறே. பாதரசம் எடையிற் சிறிது; தீங்கிற் பெரிது.

நம் நாட்டின் 2022-ஆம் ஆண்டு விதிகள் இக்குறையை ஓரளவு உணர்ந்துள. பொன், செம்பு, இரும்பு, அலுமினியம் என்னும் நான்கு உலோகங்கள் எவ்வளவு மீட்கப்பட்டன என்பதைக்கொண்டு மறுசுழற்சியாளர்க்குச் சான்றிதழ் பிறக்குமாறும், அதனை உற்பத்தியாளர் விலைகொடுத்துப் பெற்றுத் தம் கடமையைக் காட்டுமாறும் அவை அமைந்துள. ஒரு கிலோ இரும்பும் ஒரு கிலோ பொன்னும் ஒரே கூட்டுத்தொகையில் மறையாமல் வெவ்வேறாக நிற்பது நன்றே. எனினும், தீங்கு செய்யும் ஈயமும் பாதரசமும் அந்நான்கனுட் சேரவில்லை என்பதும் நோக்கத்தக்கது.

சார்த்தியளத்தல்

ஒன்றை மற்றொன்றனோடு பொருத்திவைத்து அளவு காண்பது சார்த்தியளத்தல். எழுத்தொலியைக் கண்ணிமையோடும் கைந்நொடியோடும் சார்த்தி மாத்திரை கூறினர் பண்டையோர். “எத்தனையில்?” என்ற அம்மையாரின் வினா இதுவே. பெட்டிக்கு வந்தவற்றை எதனோடு சார்த்துவது?

விடைகாண, விடுதியின் கீழைக் கட்டடத்தில் உறையும் மாணவர் 96 பேரிடம், எட்டு மாலைப்பொழுதுகள், அறைதோறுஞ் சென்று கேட்டோம். வினா இரண்டே. கடந்த ஓராண்டில் உம்முடையனவும் உம் வீட்டாருடையனவுமான கைப்பேசிகளுட் பயனற்றுப்போனவை எத்தனை? அவை இப்பொழுது எங்கே? விடைகளைத் தொகுத்தபொழுது, பயனற்றுப்போனவை 31 எனக் கண்டோம். அவற்றுள் 5 எம் பெட்டிக்கு வந்தன. 9 கைப்பேசிக் கடைக்கோ பழைய இரும்புக்கடைக்கோ சென்றன. 2 குப்பையிற் போயின. எஞ்சிய 15 தகரப்பெட்டியின் அடியிலும் வீட்டு அலமாரியிலும் உறங்கின.

உறங்கியவற்றுள் ஒன்றை எம்மால் மறக்கவியலாது. நண்பர் ஒருவர், துணிகளுக்கடியினின்று ஒரு சிறு கைப்பேசியை எடுத்துக்காட்டி, மறைந்த தம் பாட்டியாரின் குரல் அதனுள் இருக்கின்றதென்றும், அது மீண்டும் உயிர்பெறாதென அறிந்தும் கொடுக்க மனமில்லையென்றும் கூறினார். எம் கையேட்டில் “பெட்டி, கடை, குப்பை, வீடு” என நான்கு பத்திகளே இருந்தன. அதனை “வீடு” என்னும் பத்தியிற் குறித்துக்கொண்டு, வேறொன்றும் கூறாது எழுந்து வந்தோம். ஒரு பொருள் எப்பொழுது கழிவாகின்றது என்பதை, அதனை வைத்திருப்பவரின் நெஞ்சமே அறியும் போலும்!

இது வெறும் உணர்ச்சியுரையன்று, கணக்கை மாற்றவல்லது. 31-இல் 5 என்று சார்த்தினால் நூற்றுக்கு 16. உறங்குவனவற்றைக் கழிவென்று கொள்ளாது விலக்கி, கைவிட்டுப்போன 16-இல் 5 என்று சார்த்தினால் நூற்றுக்கு 31. ஒரே பெட்டி, ஒரே ஐந்து கைப்பேசிகள். வகுக்கும் எண் மாறியவுடன் வெற்றி இருமடங்காயிற்று. வகுக்கும் எண்ணைக் கூறாது விழுக்காட்டை மட்டும் கூறுவார் சொல்லை இனி யாம் எளிதில் நம்பமாட்டோம்.

ஐரோப்பியரும் இவ்விடத்திற்கே வந்தனர். 2012-இற் புதுக்கப்பெற்ற அவர்தஞ் சட்டம், ஆளுக்கு 4 கிலோ என்னும் அளவை விட்டு, சந்தைக்கு வந்தவற்றோடு சார்த்திப் பார்க்கலாயிற்று. முந்திய மூன்றாண்டுகளில் விற்பனைக்கு வந்த பொறிகளின் சராசரி எடையில், 2016 முதல் நூற்றுக்கு 45-உம், 2019 முதல் நூற்றுக்கு 65-உம் சேர்த்தல் வேண்டும். அன்றேல், அந்நாட்டில் உண்மையிற் கழிவானவற்றுள் நூற்றுக்கு 85 சேர்த்தல் வேண்டும் என்பது விதி. விற்றதோடு சார்த்துவது ஒன்று; கழிந்ததோடு சார்த்துவது மற்றொன்று. 65 என்னும் இலக்கைப் பெரும்பாலான நாடுகள் அடையவில்லை. நம் நாட்டு விதி வேறொரு வழியிற் செல்கின்றது. ஒரு பொருளின் சராசரி வாழ்நாள் ஐந்தாண்டாயின், ஐந்தாண்டிற்கு முன் விற்ற அளவே இவ்வாண்டின் கழிவு எனக் கொண்டு, 2023-24 முதல் ஈராண்டிற்கு அதில் நூற்றுக்கு 60-உம், அடுத்த ஈராண்டிற்கு 70-உம், 2027-28 முதல் 80-உம் மறுசுழற்சியாதல் வேண்டும் என்கின்றது. அறிவுடைய முறையே. ஆயினும், எம் நண்பரின் தகரப்பெட்டி அவ்வாழ்நாட் பட்டியலைப் படித்ததில்லை என்பதை மறத்தலாகாது.

வகுக்கும் எண் தெளிவாயிருக்குமாயின் அளவை எத்துணை வலிமை பெறும் என்பதற்கு, அமெரிக்காவின் ஓரிகன் மாநிலம் சான்று. அங்கு 1971-இற் செய்த சட்டப்படி, பானம் வாங்குவோர் புட்டிக்கு 5 சென்ட் வைப்புத்தொகை கொடுப்பர். வெறும்புட்டியைத் திருப்பிக் கொடுப்பின் அத்தொகை மீளும். விற்ற புட்டி இத்தனை, திரும்பிய புட்டி இத்தனை என ஐயமின்றிக் கூறலாம். தொடர்ந்து ஈராண்டு நூற்றுக்கு 80-இற்குக் குறைவாகப் புட்டிகள் திரும்பின், வைப்புத்தொகை 10 சென்டாக உயர்தல் வேண்டும் என்றும் அங்கே பின்னர் விதி செய்தனர். 2014-இலும் 2015-இலும் அளவு குறைந்தது. ஆகவே, 2017 ஏப்ரல் முதல் 10 சென்ட் ஆயிற்று. அடுத்த ஆண்டிலேயே திரும்பியவை 80-ஐக் கடந்தன. அளவு குறைந்தால் விளைவது யாதென முன்னரே எழுதிவைத்தமையால், அங்கு எண் சுவரில் தொங்கும் அழகுப்பொருளாகாது, வேலை வாங்கும் மேற்பார்வையாளனாயிற்று. நம் நீலகிரியிலும், உடைந்த புட்டிகள் யானை முதலிய விலங்குகளின் காலைக் கிழிப்பது கண்டு, சென்னை உயர்நீதிமன்றத்தின் ஆணைப்படி, 2022 முதல் மதுப்புட்டிக்கு 10 ரூபாய் கூடுதலாகப் பெற்றுப் புட்டி திரும்பியவுடன் மீளக்கொடுக்கும் முறை நடைபெறலாயிற்று. மதுவைப்பற்றி எம் கருத்து யாதாயினும், புட்டிக்கணக்கு நேரிய கணக்கு என்பதை ஒப்புக்கொள்வோம்.

தெறித்தளத்தல்

யாழின் நரம்பை விரலால் தெறித்து, எழும் ஓசையால் அதன் நிலையை அறிவது தெறித்தளத்தல். ஊர்ச்சந்தையிற் குடம் வாங்கும் தாய்மார் அதனைத் தட்டிப் பார்ப்பதும் இவ்வினத்தது. கண்ணுக்கு நல்லதாய்த் தோன்றும் குடத்தின் விரிசலை ஓசை காட்டிவிடும்.

பொங்கல் விடுமுறை கழிந்து திரும்பிய வாரம், கடைகளுக்குச் சென்ற அந்த 9 கைப்பேசிகள் யாதாயின என்பதை அறிய, கால்வாய்க்கரையிலுள்ள பழைய இரும்புக்கடைக்கு மன்றத்தார் மூவர் சென்றோம். கடைக்கார அண்ணாச்சி அன்புடன் வரவேற்றுத் தேநீர் வருவித்தார். இரும்பு, அலுமினியம், பித்தளை, செம்பு எனத் தாம் பிரிக்கும் முறையையும், ஒவ்வொன்றின் அன்றைய விலையையும் மடமடவென்று கூறினார். கைப்பேசிகளைச் சென்னைக்கு அனுப்பும் வணிகர் ஒருவர் எண்ணிக்கைக் கணக்கில் வாங்கிச் செல்வார் என்றார். யாம் கையேட்டில் எழுதிக்கொண்டிருந்தோம்.

எழுதி நிமிர்ந்தபொழுது, கடையின் பின்வாயிலுக்கப்பால் இரண்டு கணினித்திரைகளின் ஓடுகள் கிடப்பதைக் கண்டோம். அவற்றின் பக்கத்தில் வெள்ளை வண்ணத்தால் எழுதிய எண்கள் இருந்தன. அக்கையெழுத்தை யாம் அறிவோம். எம் கணினிக்கூடத்து உதவியாளர், நாற்காலி முதல் நகலெடுக்கும் பொறிவரை எல்லாவற்றின்மேலும் அவ்வாறே சாய்த்து எழுதுவார். அருகிற் சென்று பார்த்தோம். கல்லூரிப் பெயரின் முதலெழுத்துகளும் இருந்தன. குழாயின் கழுத்து முறிக்கப்பட்டுச் செம்புச்சுருள் எடுக்கப்பட்டிருந்தது. கண்ணாடித் துண்டுகள் கால்வாயின் சரிவில், ஆடுமேய்க்குஞ் சிறுவர் ஏறியிறங்கும் தடத்தில், வெயிலில் மின்னிக்கொண்டிருந்தன.

“இவை எங்கள் கல்லூரியுடையவை, அண்ணாச்சி” என்றோம்.

“இருக்கும், தம்பி. பச்சைப்பெட்டி வண்டிக்காரர் போன வருடம் இறக்கிவிட்டுப் போனார். செம்பை எடுத்துக்கொண்டேன். கண்ணாடியை யார் வாங்குவார்கள்?” என்றார் அவர். அவர் எதனையும் மறைக்கவில்லை. மறைக்கவேண்டியது ஒன்று உண்டென்பதையும் அறிந்திலர். சற்று நின்று, “உங்கள் பெட்டிக்கு வந்ததை நிறுத்துப் பார்த்தீர்கள். என் தராசுக்கு ஒரு நாளில் எவ்வளவு வருகிறது என்று இதுவரை யாரும் கேட்டதில்லை” என்றும் கூறினார்.

திரும்பும் வழியெல்லாம் எம்முள் எவரும் பேசவில்லை. அக்குழாய்களின் கண்ணாடி ஈயங்கலந்தது. அதனை அண்ணாச்சி விற்கவியலாது, ஆதலின் எறிந்தார். ஈண்டே இத்திட்டங்களின் உயிர்நிலை இருப்பதை யாம் உணர்ந்தோம். விலைபோகும் பொருளைச் சேர்க்க எவருடைய பணமும் வேண்டா. செம்பையும் இரும்பையும் அண்ணாச்சி தம் முதலையிட்டே சேர்த்துவிடுவார். விலைபோகாததை, தீங்கு செய்வதை, அகற்றச் செலவு பிடிப்பதை அகற்றுவதற்காகவே உற்பத்தியாளர் பணங்கொடுத்தல் வேண்டும் என்றனர் அறிஞர். அவ்வாறு அகற்றப்படவேண்டிய கண்ணாடியே கால்வாய்க்கரையிற் கிடந்தது. அதனையுஞ் சேர்த்தே 186 கிலோ என்று யாம் எழுதினோம். அதனையுஞ் சேர்த்தே சான்றிதழும் வந்தது. எடைச்சீட்டில் பிழையில்லை. வண்டி ஏறியது மெய். இறங்கிய இடத்தையே ஒருவரும் தெறித்துப் பார்க்கவில்லை.

படங்களை இணைத்துக் கல்லூரியின் வழியாக அந்நிறுவனத்திற்கு எழுதினோம். பொருள்கள் யாவும் முறைப்படி கையாளப்பட்டன என்ற இரண்டுவரி விடையும், பழைய சான்றிதழின் படியொன்றும் வந்தன. ஏனைய 7 திரைகள் எங்குச் சென்றன என்பதை யாம் இன்றுவரை அறியோம்.

இவ்வாறு நேர்வது எம் கல்லூரியில் மட்டுமன்று. பிளாஸ்டிக்குக் கழிவிற்கும் நம் நாட்டில் இத்தகைய சான்றிதழ் முறை 2022 முதல் நடைபெறுகின்றது. 2023-இல் மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் ஆராய்ந்தபொழுது, மறுசுழற்சியாளர் சிலர் ஏறத்தாழ 6 லட்சம் பொய்ச்சான்றிதழ்களைப் பிறப்பித்திருந்தமை வெளிப்பட்டது. ஆராய்ந்ததனாலேயே வெளிப்பட்டது என்பதை ஈண்டு நினைவிற்கொள்க. ஐக்கியநாட்டு அமைப்புகள் 2024-இல் வெளியிட்ட அறிக்கை, உலகில் 2022-ஆம் ஆண்டு உண்டான மின்னணுக்கழிவு 6 கோடியே 20 லட்சம் டன் என்றும், அதில் நூற்றுக்கு 22.3 பங்கே முறையாகச் சேர்க்கப்பட்டு மறுசுழற்சியானதற்குப் பதிவு உண்டென்றும் கூறுகின்றது. “பதிவு உண்டு” என்னும் அச்சொல்லை முன்னரெல்லாம் கடந்து சென்றிருப்போம். இப்பொழுது அதன்கண் நின்றுவிடுகின்றோம். பதிவில்லாதவற்றுள் அண்ணாச்சியின் தராசும் ஒன்று. பதிவுள்ளவற்றுள் எம் சான்றிதழ் போல்வனவும் இருக்கலாமன்றோ?

இதன்கண் யாரை நோவது? பணங்கொடுப்பார் தொகை பெரிதாதலை விரும்புவர். அவர் பணத்திற் சேகரிப்பாரும் அதனையே விரும்புவர். சான்றிதழ் பெறும் கல்லூரியும் விரும்பும். அதனை மலரில் எழுதி நண்பரின் பாராட்டைப் பெறும் மாணவரும் விரும்புவர். தராசைச் சுற்றி நின்ற எல்லாரும் ஒரே பக்கத்தைப் பற்றியிருந்தோம். எண் பெரிதாயினும் சிறிதாயினும் தமக்கு ஊதியமொன்றும் இல்லாத ஒருவர் கையில் கோல் இருத்தல் வேண்டும். அம்மையார் எம்மிடம் கேட்ட வினா அக்கோலே.

இவையனைத்தையும் முதல்வர் அவர்களிடம் யாம் சென்று கூறினோம். சான்றிதழைச் சுவரினின்று அகற்றிவிட வேண்டினோம். அவர் நெடுநேரம் கேட்டிருந்து, “அதனை எடுத்துவிட்டால் நாம் மறந்துவிடுவோம். அஃது அங்கேயே இருக்கட்டும். சென்ற ஆண்டு எழுதியது நீங்கள்தானே? இவ்வாண்டும் எழுதுங்கள், அதனை அதன்கீழ் மாட்டுவோம்” என்றார். ஆதலின், இவ்வாண்டின் கணக்கை ஈண்டுத் தருகின்றோம்.

வந்தவை: 61 கிலோ, முற்றும் மாணவரும் ஆசிரியரும் தம் கையாற் கொணர்ந்தவை. கைப்பேசிகள் 38. கல்லூரி அலுவலகங்கள் கழித்த பொருள்கள் இதனுட் சேரவில்லை. அவை வேறு ஏட்டில் உள.

வாராதவை: ஆண்டிறுதியில் அதே கீழைக் கட்டடத்தில் மீண்டும் கேட்டோம். முன் எண்ணியவற்றை விலக்கி, இவ்வாண்டு பயனற்றுப்போன கைப்பேசிகள் 28. அவற்றுட் பெட்டிக்கு வந்தவை 12; கடைக்குச் சென்றவை 6; குப்பையிற் போனது 1; உறங்குபவை 9. எனவே, எல்லாவற்றோடும் சார்த்த நூற்றுக்கு 43. கைவிட்டுப்போனவற்றோடு மட்டும் சார்த்த நூற்றுக்கு 63. இரண்டையும் கூறிவிட்டோம், விரும்பியதை மட்டும் எடுத்துச் செல்வார் செல்க.

மறுசுழற்சி ஆனவை: 0 கிலோ. ஏற்றிச்செல்லும் வண்டியுடன் எம்முள் இருவர் சென்று, அஃது இறங்குமிடத்தைக் கண்டு, பதிவுபெற்ற மறுசுழற்சியாளரிடமிருந்து ஒவ்வொரு வகைப்பொருளுக்கும் தனித்தனிப் பற்றுச்சீட்டுப் பெறும்வரை, ஒரு கிலோவையும் அப்பத்தியில் எழுதுவதில்லை என மன்றம் முடிவு செய்துள்ளது.

இன்னும் போகாதவை: இரண்டு பீப்பாய்கள். கால்வாய்ச் சரிவிற் கிடந்த கண்ணாடித் துண்டுகளைக் கையுறையும் முகக்கவசமும் அணிந்து, வேதியியற் பேராசிரியர் உடனிருந்து வழிகாட்ட, ஒரு சனிக்கிழமை பொறுக்கினோம். அண்ணாச்சியும் தம் மண்வெட்டியுடன் வந்து உதவினார். அவை மூடி ஒட்டப்பெற்று, பெயரெழுதி, அறிவியற் கட்டடத்தின் சேமிப்பறையில் உள. அவற்றை ஏற்பார் ஒருவரும் இதுவரை வந்திலர். வருமளவும் அவை எம் கணக்கில் நிற்கும்.

நண்பர்களே, 186 எங்கே, 61 எங்கே! இம்முறை மேடையிற் கைதட்டொலி எழாதிருக்கலாம். எனினும், இச்சிறிய எண்ணின்மேல் யாம் நிற்கலாம்; அது முறியாது. மலரைப் படிக்கும் பழைய மாணவர்களுக்கு எம் வேண்டுகோள் ஒன்றுண்டு. பழைய மாணவர் நாளன்று வரும்பொழுது, நும் வீட்டில் உறங்கும் கைப்பேசிகளைக் கொணர்க. கொணர மனமில்லாதவற்றை வைத்துக்கொள்க; அதில் குற்றமில்லை. ஆயின், எத்தனை கொணர்ந்தீர், எத்தனை கொணரவில்லை என்னும் இரண்டு எண்களையும் வாயிலிலுள்ள ஏட்டில் எழுதிச் செல்க. கொணர்ந்தவை பெட்டிக்கு, கொணராதவை கணக்கிற்கு.